கத்திரிப்பூப் போர்வை

கம்பைநல்லூர் மண்டியில் மூட்டை தைப்பதில் வெங்கடாசலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. சாக்கின் வாயை இடது கையில் கொத்தாகப் பிடித்து, கோணி ஊசியை ஏழே குத்தில் ஓட்டி, மூலையில் காது விட்டு முடிச்சுப் போட்டாரென்றால், அந்த மூட்டை சேலம் போய் இறங்கும்வரை ஒரு பருப்பு சிந்தாது. முப்பத்தோரு வருஷம் இதே வேலை. கட்டைவிரலில் சணல் அறுத்த தழும்பு, ஆள்காட்டி விரலில் காய்ப்பு. அப்படிப்பட்ட கைதான் இப்போது வாரத்தில் இரண்டு நாள், பேனா நீளத்தில் ஒரு குரோஷா ஊசியைப் பிடித்துக்கொண்டு உல்லன் நூலோடு மல்லுக்கட்டுகிறது.

ஊசி அவருடையது அல்ல, மனைவி கலைமதியுடையது. தெருவில் இருந்த டிவிகளுக்கெல்லாம் பூப்போட்ட உறை பின்னிக் கொடுத்தவள் கலைமதி. டிவி மெலிந்து சுவரில் ஏறிக்கொண்ட பிறகு உறைக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காக அவள் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. மகள் கவிப்பிரியா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்த போனில், எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி வாயே திறக்காமல் போர்வை பின்னுவதைப் பார்த்தாள். அந்தப் போர்வையில் ஒரு நிறம் இன்னொரு நிறமாக மாறிக்கொண்டே போனது. எந்த இடத்தில் மாறுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. நாலு நாள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள்.

சூட்சுமம் இவ்வளவுதான்: மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்ன வேண்டும். மூன்றும் கருநீலம் என்று வைத்துக்கொண்டால், பத்து வரிசை போனதும் ஒரு இழையை மட்டும் அறுத்துவிட்டு அந்த இடத்தில் வெளிர்நீலம் சேர்க்க வேண்டும். இன்னும் பத்து வரிசை போனால் இரண்டாவது இழை, அப்புறம் மூன்றாவது. பார்க்கிற கண் ஏமாந்துபோகும், கலர் தானாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். கோடு கோடாகப் போர்வை போட எவளாலும் முடியும், கோடு தெரியாமல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்பாள் கலைமதி. அந்தத் தற்பெருமை அவளுக்கு உண்டு. வேலை தெரிந்தவளுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் அவள் முகம் வீங்கியது. பிறகு கால். தர்மபுரி போய்ப் பார்த்தபோது, ரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் உள்ளே இருந்துகொண்டு இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டது என்றார்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ஏதோ ஓடுவதுபோல் கிர்ரென்று அதிரும். அதற்குப் பிறகு அந்தக் கையின் விரல்கள் மரத்துப்போயின. வலது கை விரல்களும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. நூலைப் பிடித்திருக்கிறாளா விட்டுவிட்டாளா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் ஊசியை அலமாரியில் பழைய அயோடெக்ஸ் டப்பா பக்கத்தில் வைத்தாள், அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வெங்கடாசலம் தன் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றாத குறையாக நின்றார். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கே சர்க்கரை இருக்கிறது, இருக்கிற இரண்டும் உங்களுக்கே வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் தருகிறேன் என்று மகள் வந்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணின் வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன் என்று கலைமதி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். வெங்கடாசலத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த விஷயத்தில் தன்னால் ஆகக்கூடியது பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துத் தருவது ஒன்றுதான் என்று. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணி தர்மபுரி பஸ்ஸில் அதைத் தவறாமல் செய்தார்.

டயாலிசிஸ் வார்டில் எட்டுக் கட்டில்கள், எட்டு மிஷின்கள். ஒரு தடவை படுத்தால் நாலு மணி நேரம். உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் குழாய் வழியாக வெளியே வந்து, மிஷினுக்குள் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போகிறது. வெளியே வந்து போகிற ரத்தம் சூட்டை விட்டுவிட்டுப் போகிறது போலிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கலைமதிக்குப் பல் கிட்டிக்கொள்ளும். மிஷின்களுக்காக ஏசி வேறு போட்டே ஆக வேண்டும். வார்டில் கொடுக்கிற போர்வை அந்தக் குளிரைத் தாங்காது. வீட்டிலிருந்த கம்பளியைக் கொண்டுபோனார், பத்து நிமிஷத்தில் தள்ளிவிட்டாள். இந்த வியாதியில் உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு. அதன் மேல் முரட்டுக் கம்பளி பட்டால் தோலைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கும். அவள் நடுங்குவாள். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நாலு மணி நேரம் ஒரு மனிதன் எவ்வளவுதான் பாதம் தேய்க்க முடியும்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள், குழந்தைகளுக்குப் போடுகிற மெத்து நூல் ஒன்று இருக்கிறது, அது குத்தாது, அதில் ஒரு போர்வை இருந்தால் நன்றாக இருக்கும் என்று. யார் பின்னுவது என்று கேட்டார். அவள் அவர் கையைப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய் ஊசியும் நூலுமாக வார்டில் உட்கார்ந்தவரைப் பார்த்து எட்டுக் கட்டிலும் சிரித்தது. நர்ஸ் பிரியதர்ஷினி மருந்துத் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தாள். கலைமதி ஊசி குத்திய கையை நீட்டியபடி படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடியே உத்தரவு போட்டாள்: நூலைச் சுற்றுங்கள், உள்ளே விடுங்கள், இழுங்கள், மறுபடி சுற்றுங்கள். மூட்டை தைத்த கை இழுத்த இழுப்பில் கண்ணிகள் கல்லாகிவிட்டன. சாக்குத் தைக்கிறாரா போர்வை போடுகிறாரா என்று அவள் கேட்டாள். மூன்று வாரத்தில் கை தளர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவாள்; எண்பத்திரண்டாவது கண்ணியை விட்டுவிட்டீர்கள் என்று சொன்னால் அங்கே கண்ணி விட்டுப்போயிருக்கும். கண் அவளுடையது, கை இவருடையது என்று ஆனது.

அப்போது பக்கத்துக் கட்டிலில் சவரி இருந்தார். அரூர்ப் பக்கம் தக்காளி போடுகிற சம்சாரி, கிறிஸ்தவர், அறுபது வயது, வாயைத் திறந்தால் கேலிதான். அவருக்கும் அதே குளிர், அதே அரிப்பு. உன் வீட்டுக்காரர் பழகுகிற கைதானே, பழகுகிறதை என் மேல் பழகட்டும் என்றார் கலைமதியிடம். அவளுக்கும் அது சரியாகப் பட்டது. முதல் போர்வை கோணலாகத்தான் வரும், கோணலை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு நேராக வருவதை நான் வைத்துக்கொள்கிறேன் என்றாள். என்ன கலர் வேண்டும் என்று கேட்டதற்கு, தக்காளி பழுக்கிற கலர் என்றார் சவரி. காய்ப்பச்சையில் தொடங்கி, வெளிறி, மஞ்சளித்து, செங்காயாகி, கடைசியில் நல்ல சிவப்பு. கலைமதிக்கு அந்த யோசனையில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அது முடிந்தது. கோணல் அவ்வளவாக இல்லை. கொடுக்கும் முன்னால் மூலையில் மஞ்சள் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கலைமதி படுத்துவிட்டாள். புதுத்துணிக்கு மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடம்பில் போடுவதில்லை. வெங்கடாசலம் மஞ்சளைக் குழைத்துவிட்டு யோசித்தார். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர்கள். நம் வழக்கத்தை அவர்கள் மேல் பூசுவதா, ஏதாவது நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கையைக் கழுவிவிட்டார். நல்ல மனசோடுதான் கழுவினார்.

வெள்ளிக்கிழமை வார்டுக்குப் போனபோது சவரிக்கு ஏற்கெனவே ஊசி குத்தியாகிவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தார். எழுப்புவானேன் என்று வெங்கடாசலம் கால்மாட்டில் நின்று போர்வையை உதறி, பாதத்திலிருந்து கழுத்துவரை போர்த்தி, சுருக்கம் இல்லாமல் இரண்டு பக்கமும் நீவிவிட்டார். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் சவரியின் மனைவி இன்னாசியம்மாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது வெங்கடாசலத்துக்கு அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. படுத்திருக்கிற ஆள், மூடிய கண், கழுத்துவரை புத்தம்புதுத் துணி, கால்மாட்டில் ஒருவர். செத்தவர்களுக்குக் கோடித்துணி போடுவது அப்படித்தான்.

அவள் சண்டை போடவில்லை. கிட்டே வந்து போர்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"படுத்திருக்கற மனுசனுக்குப் புதுத்துணிய அப்படியேவா போத்துவாங்க? மஞ்சகூட வெக்காமயா, அண்ணா?"

"நீங்க கிறிஸ்தவங்க ஆச்சேன்னுதான்..." என்றார் வெங்கடாசலம்.

"எங்க வூட்ல மட்டும் மஞ்ச வெக்க மாட்டோமா? வெச்சி, அதுக்கு மேல சிலுவையும் போடுவோம்."

சவரி கண்ணைத் திறந்து, விஷயம் என்ன என்று கேட்டுக்கொண்டு, சிரித்தார். மனைவி கையிலிருந்து போர்வையைப் பிடுங்கித் தானே மேலே இழுத்துக்கொண்டார். கதகதப்பாக இருக்கிறது, செத்தவனுக்குக் கதகதப்பு தெரியுமா என்றார். அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைத்தார். இன்னாசியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

சரியாகப் பதினாறு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, தக்காளித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்த சவரி அப்படியே சாய்ந்துவிட்டார். இந்த வியாதிக்காரர்களுக்கு இதயம் சொல்லிக்கொள்ளாமல் நிற்பது உண்டு என்று நர்ஸ் பிரியதர்ஷினி பிறகு விளக்கினாள். போர்வைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளே கேட்டாள். சம்பந்தம் இல்லை என்று வெங்கடாசலமும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் சாவுக்குப் போயிருந்தார். சவப்பெட்டியில் அந்தப் போர்வையைத்தான் போர்த்தியிருந்தார்கள், அவருக்குப் பிடித்த போர்வை என்று. பாதத்திலிருந்து கழுத்துவரை, சுருக்கம் இல்லாமல். இன்னாசியம்மாள் இவரைப் பார்த்தாள், கும்பிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனிதர் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பார்.

அதற்குள் கலைமதியின் போர்வை பாதி வளர்ந்திருந்தது. அவள் கேட்டது கத்திரிக் கலர். முற்றின கத்திரிக்காயின் கரும் ஊதாவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, நடுவில் கத்திரிப்பூவாகி, அந்தப் பூவும் வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் வெள்ளையில் முடிய வேண்டும். வெள்ளையில் முடிகிற துணி. சவரியின் சாவுக்கு முன்னால் அது ஒரு நிறமாகத்தான் இருந்தது. இப்போது அவர் கண்ணுக்கு அது கோடியாகத் தெரிந்தது.

ஆகவே வெங்கடாசலம் ஒரு வேலை செய்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் வார்டில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல ஆறு வரிசை பின்னுவார். டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பினால் அவள் அடித்துப் போட்டதுபோல் சாயங்காலம்வரை தூங்குவாள். அந்த நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து, பின்னியதில் ஐந்து வரிசையைப் பிரித்துவிடுவார். நூல் சுருள் சுருளாக மடியில் விழும். அதை நீவி உருண்டையாகச் சுற்றிப் பையில் வைத்துவிடுவார். முடியாத போர்வையை யாரும் யாருக்கும் போர்த்த முடியாது அல்லவா. போர்வை முடியாதவரை அவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே பிடித்துக்கொண்டார். மருந்து, ஊசி, மிஷின், டாக்டர், எதுவுமே அவர் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது அந்த நூல் ஒன்றுதான்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. கத்திரிப்பூ வந்த இடத்தில் போர்வை நின்றது. வெளிர் ஊதாவைத் தாண்ட வேண்டிய கட்டம் வந்தபோது, அரூரில் வெள்ளை நூல் கிடைக்கவில்லை என்றார். வெள்ளை நூல் இல்லாத நூல்கடையா என்று கலைமதி கேட்டாள். ஸ்டாக் வரவில்லையாம் என்றார். தர்மபுரியில்? அங்கேயும் வரவில்லையாம். கவிப்பிரியா ஓசூரிலிருந்து அனுப்பவா என்று போனில் கேட்டதற்கு, வேண்டாம், இங்கேயே சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போது காது சிவந்துபோகும். கலைமதி அந்தக் காதைப் பார்த்தாள்.

மார்கழிக் குளிர் வெளியே, ஏசிக் குளிர் உள்ளே. கலைமதியின் எடை குறைந்துகொண்டே வந்தது. எலும்பின் மேல் சதை இல்லாத உடம்புக்குக் குளிர் இன்னும் சுருக்காக ஏறியது. இரண்டாவது மணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்குவாள். வார்டுப் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டார். தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த துண்டை அவள் பாதத்தில் சுற்றினார். பாதி போர்வை மடியில் கிடக்கிறது, அதையாவது மேலே போடுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது, ஊசி மாட்டியிருக்கிறது, கண்ணி நழுவிவிடும் என்று சாக்குச் சொன்னார். அவளுடைய பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவருக்குக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டேதான் சொன்னார்.

தை பிறந்து இரண்டாவது வெள்ளி. வீட்டுக்கு வந்து படுத்தவள் தூங்கவில்லை. சமையலறையில் அவர் பிரித்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். அவர் மடியை மறைக்கப் பார்த்தார். நூலை எங்கே மறைப்பது.

அவள் மெதுவாக எதிரில் உட்கார்ந்தாள். பிரித்துப் போட்ட நூலை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எத்தன வாட்டிதான் பிரிப்பீங்க. நூலே நைஞ்சிபோச்சி."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கண்ணி எண்ணுகிறவளுக்கு ஐந்து வரிசை காணாமல் போவது தெரியாதா? சவரி அண்ணன் போன துக்கம், தானாகத் தெளியும் என்று விட்டு வைத்திருந்தாளாம்.

வெங்கடாசலம் சொல்ல முயன்றார். இன்னாசியம்மாள் வாசலில் நின்றது, பெட்டியில் கழுத்துவரை கிடந்த தக்காளிச் சிவப்பு, எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தார். வந்தது ஒரே ஒரு சொல்.

"முடிச்சிட்டா..."

"முடிக்காட்டி மட்டும்?" என்றாள் கலைமதி.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். சோர்வுதான் இருந்தது.

"உங்க பயத்துக்கு நானுங்க குளுர்ல கெடக்கறேன். மூணு மாசமா."

வெங்கடாசலம் அழுதார். ஐம்பத்து நாலு வயது, நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய ஆள், அடுப்படியில் ஊதா நூலை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். அவள் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் வெள்ளை நூல் வாங்கிவரச் சொன்னாள். சனிக்கிழமை அரூர் போனார். கடையில் வெள்ளைதான் முன்வரிசையிலேயே அடுக்கியிருந்தது.

வாங்கி வந்த நூலை அவள் இவரிடம் கொடுக்கவில்லை. இந்தக் கையை நம்பினால் அடுத்த தை மாதம் வந்தாலும் முடியாது என்று, அயோடெக்ஸ் டப்பா பக்கத்தில் வைத்த பிறகு முதல் தடவையாக ஊசியைத் தானே பிடித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. விரல்களுக்கு உணர்வு இல்லாததால் ஒவ்வொரு கண்ணிக்கும் கண்ணை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஊசி நழுவி விழும். இவர் எடுத்துக் கொடுப்பார். மறுபடி விழும். ஒரு இழையைக் கழற்றி இன்னொன்றைச் சேர்க்கும் இடத்தில் அரை மணி நேரம் பிடிக்கும். இவருக்குக் கை பரபரக்கும், வாங்கிப் பின்னிவிடலாம் என்று. அவள் ஒரு பார்வை பார்ப்பாள், கையை மடக்கிக்கொள்வார். கண்ணிகள் சில இடத்தில் தொளதொளவென்றும் சில இடத்தில் பிடித்துக்கொண்டும் வந்தன. ஊதா வெள்ளையாகும் இடத்தில் இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கோடு தெரியாமல் போடுவதில் அவ்வளவு பெருமை கொண்டவள், கோட்டைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். பத்து நாளில் போர்வை முடிந்தது.

கடைசிக் கண்ணியை இழுத்து நூலை அறுத்ததும், மஞ்சள் வைக்கவா என்று கேட்டார். வையுங்கள் என்றாள். ஒரு மூலையில் ஒரு பொட்டு வைப்பதுதான் வழக்கம். வெங்கடாசலம் நாலு மூலையிலும் வைத்தார், வைத்த இடத்திலேயே மறுபடியும் வைத்தார். வெள்ளைப் பக்கத்தின் இரண்டு மூலையும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகிவிட்டன. போதும், சாம்பாரில் போட்டு எடுத்ததுபோல் இருக்கிறது என்றாள் கலைமதி.

செவ்வாய்க்கிழமை. ஆறு மணி பஸ், ஜன்னலோர சீட். போர்வைப் பையை அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வார்டில் சவரியின் கட்டிலில் இப்போது பாலக்கோட்டுப் பக்கத்து வாத்தியார் ஒருவர். பிரியதர்ஷினி கலைமதியின் இடது கையில் இரண்டு ஊசிகளையும் குத்தி, குழாயை மாட்டி, மிஷினை ஓடவிட்டாள். அந்தக் கையை இனி நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. எழுந்து உட்காரவும் கூடாது.

வெங்கடாசலம் பையைத் திறக்கவில்லை. கலைமதி கேட்கவும் இல்லை. வலது கையாலேயே பையிலிருந்து போர்வையை இழுத்து, உதறத் தெரியாமல் உதறி, மேலே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அவளாகவே போர்த்திக்கொண்டால் அது வேறு, இன்னொருவர் போர்த்தினால்தானே அது கோடி என்று அவர் மனசுக்குள் அவசரமாக ஒரு கணக்குப் போட்டார். அவளும் அவருக்காக அதையேதான் நினைத்திருப்பாள். ஒற்றைக் கையால் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். அடிப்பக்கம் வயிற்றிலேயே குவிந்து நின்றுவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாதங்கள் இரண்டும் வெளியே கிடந்தன. எக்கினாள், மிஷின் கீ கீ என்று கத்தியது. கையை அசைக்காதீங்க அக்கா என்று பிரியதர்ஷினி ஓடிவந்து பட்டனை அமுக்கிவிட்டுப் போனாள்.

கலைமதி திரும்பித் தலையணையில் சாய்ந்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் கால்மாட்டில் நின்றிருந்தவரைப் பார்த்தாள்.

"கால்ல இழுத்து வுடுங்க" என்றாள்.

அவர் நின்றார். வார்டில் மற்ற ஏழு மிஷின்களும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. வாத்தியார் பேப்பரைத் தாழ்த்தி இவரைப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். கலைமதியின் கால் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. வெங்கடாசலம் குனிந்து, குவிந்து கிடந்த ஊதாவின் விளிம்பைப் பிடித்தார். முழங்காலுக்கு இழுத்தார். கணுக்காலுக்கு இழுத்தார். பாதத்தை மூடி, ஓரத்தை விரல்களுக்கு அடியில் சொருகிவிட்டார். நீவவில்லை. சுருக்கம் இருந்தபடியே இருக்கட்டும் என்று கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது மணி நேரம் வந்தது. கட்டில் ஆடவில்லை. பல் அடித்துக்கொள்ளவில்லை. கலைமதி கண்ணை மூடினாள், வாய் லேசாகத் திறந்தது. இந்த மூன்று வருஷத்தில் அவள் அந்தக் கட்டிலில் ஒரு நாளும் தூங்கியதில்லை. வெங்கடாசலம் ஸ்டூலைத் தலைமாட்டுக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை அவள் கழுத்துக்குக் கீழே கிடந்தது. அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறி இறங்குவதாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணை எப்படி நம்புவது. மிஷின் திரையில் எண்கள் ஓடின. அவை ரத்தத்தின் எண்களா மிஷினின் எண்களா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பிரியதர்ஷினியைக் கூப்பிடலாமா என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. கடைசியில் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை மெதுவாக நீட்டி அவள் மூக்குக்குக் கீழே வைத்தார்.

"இருக்கேன்" என்றாள் கலைமதி, கண்ணைத் திறக்காமல். "தூங்க வுடுங்க."

விரலை எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. பின்னவும் பிரிக்கவும் கையில் ஒன்றும் இல்லை.